தலைக்கு மேல் பறந்த நீல ஸ்பிட்ஃபயரும் நம் சிலேத்தாரும்

செங்காங்கில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு விடுமுறைக்குப் போனபோது, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் டக்ஸ்ஃபர்டில் நீல நிற ஸ்பிட்ஃபயர் ஒன்று, அதாவது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம், தலைக்கு மேல் தாழப் பறந்ததாம். ஐந்து பிளேடு புரொப்பெல்லர், இறக்கையில் துப்பாக்கி எதுவும் காணோம். போர் விமானங்களில் தனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது, ஆனாலும் கண் கலங்கிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை என்கிறார். கூடவே மூன்று கேள்விகள். இத்தனை வயதான விமானம் எப்படிப் பறக்கிறது? அது நிஜமாகவே பழைய விமானம்தானா, புதிதாகச் செய்ததா? சிங்கப்பூரில் இதையெல்லாம் ஏன் பார்க்க முடிவதில்லை?

தம்பி, கண் கலங்கியதற்கு முதல் காரணம் சத்தம். விமானப் பராமரிப்பில் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

நாம் அன்றாடம் கேட்பது ஜெட் சத்தம். சாங்கியில் இறங்கும் பயணிகள் விமானம் ஆகட்டும், தேசிய தின ஒத்திகைக்காக வீவக அடுக்குமாடி வீடுகளுக்கு மேல் வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும் எஃப்-15 ஆகட்டும், அந்த எஞ்சினில் காற்றும் தீயும் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அதனால் ஒரே இரைச்சல். ஸ்பிட்ஃபயரில் இருப்பது பிஸ்டன் எஞ்சின். பக்கத்துக்கு ஆறாக வி வடிவத்தில் 12 சிலிண்டர்கள். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஆறு சிலிண்டர் வெடிக்கும். நிதானமாகப் பறக்கையில் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 200 வெடிப்பு. சைலன்சர் கிடையாது. மூக்கின் இரு பக்கமும் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கிற குட்டைக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு வெடிப்பும் நேராக வெளியே வருகிறது. காது அந்த 200 அடிகளையும் சேர்த்து ஒரு சுரமாக எடுத்துக்கொள்கிறது. நெஞ்சுக்கூடு அப்படி எடுத்துக்கொள்வதில்லை. கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்புறம், எதிரே வரும்போது உயர்ந்து ஒலித்த சுரம் தலையைத் தாண்டிய கணத்தில் சடாரென்று இறங்கும். அந்த இறக்கத்தில்தான் பலருக்குத் தொண்டை அடைக்கிறது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அருங்காட்சியகத்தில் நிற்கிற விமானத்தின் உலோகத்தைத் தொடலாம், பெயின்ட்டைப் பார்க்கலாம். சத்தத்தை அங்கே வைக்க முடியாது. ஒலிப்பதிவில் கேட்டால் பாதிகூட வராது, ஏனென்றால் ஸ்பீக்கர் உங்கள் விலா எலும்பை அசைப்பதில்லை. பழைய விமானத்தைப் பறக்க வைத்தே ஆக வேண்டும் என்று சிலர் தலைகீழாக நிற்பதற்கு இதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

சரி, நீங்கள் பார்த்தது எந்த ஸ்பிட்ஃபயர்? நம் ஊர்க் கதை அதில்தான் இருக்கிறது.

நீலம், ஐந்து பிளேடு, துப்பாக்கி இல்லை என்றால் அது மார்க் 19. வேவு பார்க்க மட்டுமே செய்யப்பட்ட ரகம். வயிற்றுப் பகுதியில் கேமராக்கள், துப்பாக்கி இருக்க வேண்டிய இறக்கைக்குள் கூடுதல் பெட்ரோல், காற்றழுத்தம் காக்கும் விமானி அறை. மிக உயரத்தில் வானத்தோடு கரைந்து போவதற்காக நீலம். சினிமாக்களில் வரும் ஸ்பிட்ஃபயர்களில் பெரும்பாலும் 27 லிட்டர் மெர்லின் எஞ்சின். மார்க் 19இல் அதன் அண்ணன், 36.7 லிட்டர் கிரிஃபன். இரண்டுமே ரோல்ஸ்ராய்ஸ் செய்தவை. மெர்லின் பாடும் என்றால் கிரிஃபன் உறுமும். கிரிஃபனின் புரொப்பெல்லர் மெர்லினுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதனால் மெர்லினில் பழகிய விமானி கிரிஃபனில் ஏறினால், புறப்படும்போது வால் துடுப்பான ரட்டரைத் திருப்ப மறு காலால் மிதிக்கப் பழக வேண்டும்.

பறக்கும் நிலையில் உள்ள மார்க் 19களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பிஎம்631, பிஎஸ்915 என்ற எண் கொண்ட இரண்டு, பழைய போர் விமானங்களைப் பறக்க வைத்துப் பராமரிக்கும் பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பிரிவிடம் உள்ளன. நீங்கள் பார்த்தது அந்த இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது சிங்கப்பூரில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் இருந்த சிலேத்தாருக்கு வருவோம். 1948இல் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் முகாம்களை மேலிருந்து படம் பிடித்துக் கண்டுபிடிக்கும் வேலை 81ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவுக்கு. அவர்கள் இருந்த இடம் சிலேத்தார், ஓட்டியது இதே மார்க் 19. அந்த ஸ்குவாட்ரனின் விமானி ஒருவர் 1952 பிப்ரவரி 5 அன்று ஹாங்காங்கிலிருந்து கிளம்பி 51,550 அடி உயரத்தைத் தொட்டார். இன்று நாம் சென்னைக்குப் போகும் விமானம் 40,000 அடியைத் தாண்டுவதே அபூர்வம். ஒற்றைப் பிஸ்டன் எஞ்சினில் அவர் அந்த உயரத்துக்குப் போயிருக்கிறார்.

1954 ஏப்ரல் 1 அன்று, பிஎஸ்888 என்ற எண் கொண்ட மார்க் 19 சிலேத்தாரிலிருந்து கிளம்பி ஜொகூர் காடுகளைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பியது. பிரிட்டிஷ் விமானப்படையில் ஸ்பிட்ஃபயர் செய்த கடைசிப் போர்க்காலப் பணி அதுதான். தரைப் பணியாளர்கள் அதன் மூக்கில் 'இதுவே கடைசி' என்று பொருள்படும் வாசகத்தை எழுதியிருந்தார்கள். பிஎஸ்915ஐயே சில வருடம் பிஎஸ்888 போல வண்ணம் பூசி, அதே வாசகத்தோடு இங்கிலாந்தில் பறக்கவிட்டார்கள். அதைப் பார்த்துக் கைதட்டிய எத்தனை பேருக்கு அது சிங்கப்பூர்க் கதை என்று தெரிந்திருக்கும்?

அதோடு நிற்கவில்லை. மோஸ்கிட்டோ என்ற இரட்டை எஞ்சின் மர விமானத்தின் கடைசிப் பணியும் சிலேத்தாரிலிருந்தே, 1955 டிசம்பரில். சண்டர்லேண்ட் என்ற பெரிய கடல் விமானம் பிரிட்டிஷ் விமானப்படையில் தன் கடைசிப் பயணத்தை முடித்ததும் சிலேத்தாரில்தான், 1959 மே மாதம். ஒரு தலைமுறை விமானங்கள் பணி ஓய்வு பெற்ற ஊர் இது. ஓடுபாதை இன்னமும் இருக்கிறது. ஜாலான் காயுவில் பரோட்டா சாப்பிட உட்காருகிறவர்கள் அந்தப் பழைய முகாமின் வாசலில்தான் உட்காருகிறார்கள்.

என் தாத்தா அந்த முகாமில் கூலி வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் 'ஸ்பிட்ஃபயர்' என்ற பெயரை யாரும் சொன்னதில்லை. காலையில் 'மிஷினை அலறவிடுவான்' என்பார், அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் தரையிலேயே எஞ்சினை முழுப் பலத்தில் ஓட்டிச் சோதிப்பதைச் சொல்கிறார் என்று இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. உங்கள் கண்ணைக் கலங்க வைத்த சத்தம் அவருக்கு வேலை தொடங்கும் மணி. இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு பெரியவர் இருந்திருப்பார். யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவுபடுத்திவிடுகிறேன். 1942இல் சிங்கப்பூரை ஸ்பிட்ஃபயர்கள் காத்தன என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது இங்கே ஒரு ஸ்பிட்ஃபயர்கூடக் கிடையாது. இருந்தவை அமெரிக்கத் தயாரிப்பான பஃபலோ விமானங்கள். காலாங்கிலும் செம்பவாங்கிலும் இருந்த பிரிட்டிஷ், நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரன்கள் அவற்றை ஓட்டின. நம் வெப்பத்தில் எஞ்சின் சூடேறி, எண்ணெய் முன்கண்ணாடியில் தெறித்து, உயரே போனால் பெட்ரோல் சரியாக ஏறாமல் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1942 ஜனவரி நடுவில் 51 ஹரிகேன் விமானங்கள் பெட்டிகளில் கப்பலில் வந்து இறங்கின. அவசரமாகப் பூட்டி ஜனவரி 20 அன்று சண்டைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் நல்ல பலன். மறுநாளே ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக ஜீரோ என்ற அவர்களின் போர் விமானங்கள் வந்துவிட்டன. பிப்ரவரி 15 அன்று தீவு விழுந்தது.

அந்தப் பஃபலோவை இன்று உலகத்தில் எங்கேயும் பறந்து பார்க்க முடியாது. ரஷ்யாவில் ஓர் ஏரியிலிருந்து 1998இல் தூக்கியெடுத்த ஃபின்லாந்து பஃபலோ ஒன்றுதான் மிச்சம், அதுவும் காட்சிக்கு மட்டும். ஜெயித்த விமானங்களுக்குப் பணமும் ஆளும் கிடைக்கிறது, தோற்றவற்றை மீட்க முன்வருகிறவர்கள் குறைவு. கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு ஒருமுறை உங்கள் பையனைக் கூட்டிப் போங்கள். அங்குள்ள தூண்களின் மேற்கூரை விமான இறக்கை வடிவில் இருக்கும். கீழே செதுக்கியிருக்கும் 24,000க்கும் மேற்பட்ட பெயர்களில் விமானப்படைக்காரர்கள் இருக்கிறார்கள், இந்தியச் சிப்பாய்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.

இனி, பழையதா புதியதா என்ற கேள்வி.

நேர்மையான பதில், விமானத்துக்கு விமானம் மாறும். பிஎம்631 பிரிட்டிஷ் விமானப்படையின் பணியிலிருந்து விலகவே இல்லை. 1950களில் வானிலை அளக்கும் வேலைக்கு மாறி, 1957இல் நேராக நினைவுப் பிரிவுக்கு வந்தது. அதை மீட்டெடுத்தார்கள் என்று சொல்வதே பொருந்தாது. பிஎஸ்915 பல வருடம் முகாம் வாசலில் காட்சிப் பொருளாக நின்று, 1980களில் மறுபடி பறந்தது. அதற்குப் பொருத்தியது ஷேக்கில்டன் என்ற கடல் ரோந்து விமானத்தின் கிரிஃபன். அதே ஷேக்கில்டன் ரகத்தைத்தான் 205ஆம் ஸ்குவாட்ரன் சாங்கியில் வைத்து ஓட்டியது.

மறுகோடியில், சேற்றிலிருந்தோ கடற்கரை மணலிலிருந்தோ எடுத்த நொறுங்கிய உடலை வைத்துத் தொடங்கும் வேலைகள் உண்டு. அங்கே இறக்கையைத் தாங்கும் ஸ்பார் புதிது, மேல் தகடு முழுக்கப் புதிது. பழைய பாகங்களில் அரிப்பு இல்லை என்று எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்த கொஞ்சமும், எண் பொறித்த தகடும் மட்டும் மிஞ்சும். ஸ்பிட்ஃபயரின் ஸ்பார் ஒரு விசித்திரமான வேலை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சதுரக் குழாய்கள், இறக்கை நுனியை நோக்கிப் போகப் போக ஒவ்வொன்றாகக் குறையும். பாரம் அதிகமான அடியில் கனம், நுனியில் லேசு. அதை அன்றைய அளவில் அன்றைய முறையிலேயே செய்ய வேண்டும்.

இதைப் போலி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. போர்க்காலத்திலேயே இறக்கையை மாற்றினார்கள், எஞ்சினை மாற்றினார்கள், இரண்டு உடைந்த விமானத்தைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். பறக்கிற பொருளுக்கு அதுதான் இயல்பு. ஆனால் எது பழையது, எது புதியது என்பதை ஒளிக்காமல் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காதவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல, தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் ஒன்று போதும். தகட்டில் துளை போட்டு, ரிவெட்டின் தலை மேற்பரப்போடு ஒட்டி அமுங்கும்படி துளையின் வாயைக் கூம்பாகச் சீவ வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியோடு நிற்பார். உள்ளே, விமானத்தின் உள்சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே கையை நுழைத்து, இன்னொருவர் பக்கிங் பார் என்னும் இரும்புக் கட்டியை மறுமுனையில் அழுத்திப் பிடித்திருப்பார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு தட்டு என்றால் போதும் என்பது போல அவர்களுக்குள் ஒரு பாஷை. அரை விநாடி அதிகம் அடித்தால் தகடு குழிந்துவிடும், பிடுங்கிவிட்டு மறுபடி போட வேண்டும். ஒரு விமானத்துக்கு இப்படிப் பல்லாயிரம் ரிவெட். இதனால்தான் வருடக் கணக்கு ஆகிறது.

பறக்கும் நாளிலும் வேலை குறைவில்லை. டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானத்தில் இருப்பது போல சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த எஞ்சின் என்றால், நிற்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் நசுங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். அதனால் இரண்டு மூன்று பேர் வரிசையாக வந்து பிளேடு பிளேடாகக் கையால் தள்ளிச் சுற்றுவார்கள், எங்கேயாவது இறுகுகிறதா என்று உள்ளங்கையிலேயே தெரிந்துகொள்வார்கள். ஸ்டார்ட் ஆனதும் வெள்ளையாகக் கிளம்பும் புகை அந்த மிச்ச எண்ணெய்தான். பார்க்கிறவர்கள் எஞ்சின் பழுது என்று பதறுவார்கள், மெக்கானிக்குகள் நிம்மதியாக நிற்பார்கள்.

ஆபத்து இல்லையா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இருக்கிறது. 2015இல் இங்கிலாந்தின் ஷோரமில் பழைய ஹன்டர் ஜெட் ஒன்று கண்காட்சியின்போது நெடுஞ்சாலையில் விழுந்து, 11 பேர் இறந்தார்கள். 2022 நவம்பரில் அமெரிக்காவின் டல்லாஸில் இரண்டு பழைய விமானங்கள் மோதி ஆறு பேர் போனார்கள். 2024 மே மாதம் அந்த நினைவுப் பிரிவின் ஸ்பிட்ஃபயர் ஒன்றே விழுந்து விமானி உயிரிழந்தார். இவ்வளவுக்குப் பிறகும் பறக்கத்தான் வேண்டுமா? வேண்டும் என்கிறேன், ஆனால் மக்கள் தலைக்கு மேல் சாகசம் கூடாது. இயந்திரத்துக்கு இருக்கும் பலத்தில் பாதியை மட்டும் கேட்டு, பெரிய வளைவாக, அமைதியாகப் பறந்தால் போதும். சத்தத்துக்கு அது போதும்.

சிங்கப்பூரில் ஏன் இல்லை? முதலில், இங்கே வைத்திருப்பவர் யாரும் இல்லை. வெளியிலிருந்து பறந்து வருவதென்றால், இத்தகைய விமானங்களுக்கு வழக்கமான தகுதிச் சான்றிதழ் கிடையாது. தனி அனுமதியில் பறப்பவை. கடக்கிற ஒவ்வொரு நாட்டிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலான ஸ்பிட்ஃபயர்கள் ஒரு மூச்சில் 700 கிலோமீட்டர் போவதே அதிகம். அடுத்து, ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால் இறங்க வயல் வேண்டும். இங்கே வயலுக்கு எங்கே போவது, கீழே எங்கும் அடுக்குமாடிதான். சாங்கி, சிலேத்தார், ஆகாயப் படைத் தளங்கள் என்று இத்தனை போக்குவரத்துக்கு நடுவே வான்வெளியும் சிறியது. கடைசியாக நம் காற்று. உப்பும் ஈரமும் கலந்த இந்தக் காற்றில் அலுமினியம் அரிக்கும், மரம் ஊறும்.

ஆனாலும் முடியாத காரியம் இல்லை. 1942இல் ஹரிகேன் வந்தது போலக் கப்பலில் பெட்டி கட்டிக் கொண்டுவரலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சாங்கியில் விமானக் கண்காட்சி நடக்கிறது, கடலுக்கு மேல்தான் பறக்கிறார்கள். கைவேலை தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. மெர்லினையும் கிரிஃபனையும் செய்த அதே ரோல்ஸ்ராய்ஸ் 2012 முதல் சிலேத்தாரில் டிரென்ட் ஜெட் எஞ்சின்களைப் பூட்டுகிறது. பழைய ஓடுபாதைக்கு மேல் ஒரு மார்க் 19 ஒரே ஒரு முறை பறந்து போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பணமும் அதிகாரமும் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

அதுவரை நாம்தான் போக வேண்டும். பக்கம் என்றால் ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸில் டெமோரா என்ற சிற்றூரில் பறக்கும் ஸ்பிட்ஃபயர் இரண்டு இருக்கின்றன. நியூசிலாந்தின் வனாக்காவில் இரட்டைப்படை வருடங்களில் ஈஸ்டர் சமயத்தில் பெரிய கண்காட்சி, மலைச்சுவர்களில் எஞ்சின் சத்தம் எதிரொலிக்கும். ஊருக்குப் போகிறவர்கள் இந்திய விமானப்படையின் டகோட்டாவைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் மீட்டெடுத்து 2018இல் பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது, 2024 அக்டோபரில் சென்னை மெரினா மேலும் பறந்தது. எங்கே போனாலும் பையனுக்குக் காது அடைப்பான் எடுத்துப் போங்கள், ஸ்டார்ட் செய்யும்போது முடிந்தவரை வேலிக்குப் பக்கத்தில் நில்லுங்கள், முதல் சுற்றுக்குக் கைபேசியைப் பைக்குள் வையுங்கள்.

பையன் அதில் ஏற முடியுமா என்று கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முடியும். இங்கிலாந்தில் இரண்டு இருக்கை ஸ்பிட்ஃபயர்களில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறார்கள், டக்ஸ்ஃபர்டிலேயே உண்டு. அரை மணி நேரத்துக்குச் சில ஆயிரம் பவுண்டு ஆகும். வழக்கமான பயணிகள் விமானத்தின் பாதுகாப்புத் தரம் இதற்குப் பொருந்தாது என்று புரிந்துகொண்டதாகக் கையெழுத்தும் போட வேண்டும். அவன் வளர்ந்த பிறகும் இந்த ஆசை இருந்தால், ஏறுவதற்கு முன்னால் அந்தத் தாளை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.